நாலு மூலை மஞ்சள்

ஏழாம் நம்பர் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறதே அந்த முதுகு, அதை எனக்கு இருபத்திநாலு வருஷமாகத் தெரியும். பயந்தால் வலது தோள் மட்டும் ஒரு விரற்கடை மேலே ஏறும். இப்போது ஏறியிருக்கிறது. பெயரைக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டது சிதம்பரநாதன் மாதிரியே இல்லை, மருந்துக் கடையில் கேட்கிற இருமல் சிரப் மாதிரி இருந்தது, ஆனாலும் எழுந்தார், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "போயிட்டு வரேன் வசு" என்றார். பத்தடி. பத்தடி தூரத்துக்குப் போயிட்டு வரேன். "முதல்ல சட்டையை உள்ள விடுங்க" என்றேன். வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். அம்மா வாயில நல்ல வார்த்தை வர்றதுக்குள்ள ஆளுங்க பஸ் ஏறிப் போயிடுவாங்க என்பாள் நிரஞ்சனா. என் மகள், ஹாலிஃபாக்ஸில் படிக்கிறாள், நேற்று போனில் அப்பாவுக்குச் சொன்னது ரெண்டு வாக்கியம், எனக்குச் சொன்னது இருபது. "அம்மா, ப்ளீஸ், நீ வாயே திறக்காதே. அவங்க கேட்டா மட்டும் பதில். ஒரே வரி. உன் கான்வென்ட் இங்கிலீஷை எல்லாம் எடுத்து விடாதே. இது உன் காண்டோ அசோசியேஷன் மீட்டிங் இல்ல." சரிடி தாயே. இங்கே என்னை யார் கேட்கிறார்கள். போனைக்கூட அணைக்கச் சொல்லிவிட்டார்கள். சுவரில் ஒரு கடிகாரம், ஒரு அமெரிக்கக் கொடி. நாற்காலிகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள், யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்களோ. ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு சானிடைசர் பாட்டில். ஏழாம் நம்பர் ஆபீஸர் ஒரு ஆளை அனுப்பியதும் அதை ரெண்டு அழுத்து அழுத்தி, கையைத் தேய்த்துக்கொண்டு, அந்த ஈரத்தோடேதான் அடுத்த ஆளின் காகிதத்தைத் தொடுகிறார். பெரிய உருவம், மொட்டைத் தலை. பெயர்ப் பட்டையில் பன்னிரண்டு எழுத்து இருக்கும், அதில் உயிரெழுத்து என்று என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று.

விஷயம் இவ்வளவுதான். கனடா குடியுரிமை இருந்து, இவர்கள் பட்டியலில் உள்ள ஒரு தொழிலுக்குப் படித்திருந்து, அமெரிக்கக் கம்பெனி ஒன்று வா என்று கடிதமும் கொடுத்துவிட்டால், நேராக எல்லையில் வந்து நின்று கேட்கலாம். மூன்று வருஷம் வரைக்கும் தற்காலிக வேலை அனுமதி. எம்பஸி வாசலில் நிற்க வேண்டாம், மாதக்கணக்கில் தபாலை எதிர்பார்க்க வேண்டாம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒரு ஆள் அப்போதே அங்கேயே முடிவு சொல்லிவிடுவார். பெண் பார்க்கிற மாதிரிதான், ஆனால் ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்கிற நாகரிகம்கூடக் கிடையாது. பிடித்திருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் வந்த பாலத்திலேயே திரும்பிப் போ. எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாம்பல் கோட்டு, முத்துத் தோடு, பார்த்தால் இவள் போய் நாலு பேரை வேலையை விட்டு அனுப்புவாள் என்று தோன்றும், அவளைப் போய். அவர் குரலை உயர்த்தவே இல்லை, இருந்தாலும் ஹால் முழுக்கக் கேட்டது. "உங்கள் கம்பெனிக் கடிதம் சரியாக இல்லை, கையெழுத்து எங்கே? ஒழுங்கான கடிதத்தோடு திரும்பி வாருங்கள்." கையெழுத்து எங்கே. என் கணவர் ஃபைலில் கையெழுத்து இருக்கிறது. நீல மையில், டெனிஸ் என்கிற ஒரு பெண் போட்டது, பஃபலோவில் இருக்கிற அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறவள். இருக்கிறது. ஆனால் அதை நான் என்ன பண்ணி வைத்திருக்கிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான், வசுமதி, திருச்சியில் கன்னியாஸ்திரீகளிடம் பன்னிரண்டு வருஷம் படித்தவள். நோட்டில் மை சிந்தினால் சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து முட்டியில் அடிப்பார். என் ஓரகத்தி புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியபோது, "டயருக்குக் காத்து போதுமான்னு பாத்தியாடி முதல்ல?" என்று கேட்டவள் நான். அப்படிப்பட்டவள் இன்று காலை அஞ்சரை மணிக்கு, அவர் குளிக்கப் போன சமயம், சாப்பாட்டு மேஜையில் இருந்த ஃபைலைத் திறந்து, அஞ்சாம் நம்பர் உறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கையே செய்தது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தால் மஞ்சள் தடவுவோம், ஜாதகத்துக்குத் தடவுவோம், புது வீட்டுப் பத்திரத்துக்குத் தடவுவோம், தடவாத காகிதம் வெறும் காகிதம், அது நல்ல காகிதமே இல்லை என்று ஏதோ ஒன்று எலும்புக்குள் உட்கார்ந்திருக்கிறது, பன்னிரண்டு வருஷத்து ஸ்கேல் அடி அதைத் தொடவே இல்லை. மூன்று மூலை அழகாக வந்தது. நாலாவது மூலைக்கு வரும்போது பாத்ரூமில் தண்ணீர் நின்றது. அவசரம். மஞ்சளில் தண்ணீர் கூடிவிட்டது, குழைத்தது ஓடி, டெனிஸின் முதல் எழுத்தில் போய் நின்றது. சரி, நின்றது, அதோடு விட்டிருக்கலாம். துடைத்தேன். எதை எடுத்துத் துடைத்தேன், பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஊறிய துணியை எடுத்து. மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று உலகத்தில் சாம்பார் கறையைத் துவைத்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். கெமிஸ்ட்ரி கிளாஸில் மஞ்சள் தாளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்துக் காட்டியதும் சாட்சாத் அதே சிஸ்டர் பெர்னதெத்தான். சிவந்தது. ரத்தம் மாதிரி, விரல் வெட்டிக்கொண்டு காகிதத்தைப் பிடித்த மாதிரி, டெனிஸின் முதல் எழுத்து வீங்கி, நீலமும் சிவப்பும் கலந்து ஒரு காயம். ஆரத்தித் தண்ணீர் நிறம் என்று அந்த நேரத்திலும் மனசு ஒரு சமாதானம் சொன்னது, சனியன் பிடித்த மனசு. வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுக்கும், ஆனால் ஏப்ரல் மாதத்து விடியற்காலையில் மிஸ்ஸிசாகாவில் வெயிலுக்கு எங்கே போவது. உறைக்குள் போட்டு மூடிவிட்டேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "காப்பி?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தேன், ஹைவேயில் ஓட்டுவது எப்போதும் நான்தான், அவர் ஓட்டினால் மாட்டு வண்டிக்கு வழிவிடுவார். சொல்லியிருக்கலாம். திராட்சைத் தோட்டங்கள் வந்தன, இலையில்லாமல், கம்பியில் கட்டிய குச்சிகளாக, இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன், நினைத்ததும் ஒரு லாரி குறுக்கே வந்தது, அவனைத் திட்டுவதில் அது போயிற்று. பிறகு பாலம். பாலம் வந்ததும் இந்த மனிதர் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிவிட்டார். ஊரெல்லாம் கீழே நயாகரா ஆற்றைப் பார்க்கும், இவர் இரும்பைப் பார்க்கிறார். சக்கரம் ஏறி இறங்க டடக் டடக் என்று சத்தம். "கேக்குதா வசு? ஜாயின்ட்ல மண் அடைச்சிருக்கு. மூணாவது. பாவம், அதுக்கு மூச்சு விட முடியல." "உங்களுக்கு இன்னும் வேலை கிடைக்கல, தலையை உள்ள எடுங்க, காமெரா இருக்கும்" என்றேன். பாலங்களைப் பரிசோதிக்கிற இன்ஜினியர். அந்தப் பக்கம் நூறு வருஷத்துப் பாலங்கள் இருக்கின்றனவாம், கிழடு தட்டி, துருப்பிடித்து, ஏறிப் பார்க்க ஆள் இல்லாமல். அதற்குத்தான் டெனிஸ் கூப்பிட்டிருக்கிறாள். திங்கட்கிழமை வரவேண்டும், கடிதத்தில் தேதி போட்டிருக்கிறது. அந்த வரிக்கு நேர் கீழேதான் காயம்.

இவருக்கு வேலை போய்ப் பதினொரு மாதம். கம்பெனி கைமாறியது, வாங்கினவன் முதலில் கழித்தது ஐம்பது வயசைத் தாண்டியவர்களை. முதல் வாரம் தூங்கினார். ரெண்டாம் வாரம் என் சமையலறைக்குள் வந்தார். ஒரு சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் அத்தனை டப்பாவிலும் பிரின்டரில் அடித்த லேபிள், பெயர், திறந்த தேதி, தீரும் தேதி. துவரம் பருப்பைத் துவரம் பருப்பு என்று எனக்கு எழுதிக் காட்டுகிற ஆள். "பெருங்காயம் எங்கங்க?" "பி செக்‌ஷன், ரெண்டாவது தட்டு." வீடா, கிடங்கா? கத்தினேன். கத்தினது தப்பு என்று சொல்லவில்லை, இன்றைக்கும் கத்துவேன். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்வார், லேப்டாப்பைத் திறப்பார், அதற்கும் சேர்த்துத்தான் கத்தினேன். பேசும்போது கையை ஆட்டுகிற ஆள் அவர். வாய் முக்கால் வாசி சொல்லும், மீதியைக் கை சொல்லும். அந்தக் கை எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன், தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா, தெரியவில்லை. ஒருநாள் பார்த்தபோது ரெண்டு கையும் மடியில் கிடந்தன, யாரோ கொடுத்துவிட்டு மறந்து போன சாமான் மாதிரி. வேலை போனது போகட்டும். நான் கல்யாணம் பண்ணிக்கொண்டது அந்தக் கைகளை.

என்ன கேட்கிறார் ஆபீஸர்? உதடு அசைகிறது, கண்ணாடி எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. கனடாவுக்குத் திரும்பிப் போவீர்களா என்று கேட்பாராம், நிரஞ்சனா சொன்னாள், அதுதான் முக்கியமாம், தற்காலிகம் என்று மனசார நம்புகிறவனுக்குத்தான் கொடுப்பார்களாம். இந்த அரிச்சந்திரன் என்ன சொல்லித் தொலைப்பாரோ. கனடாவுக்கு வந்தபோதும் மூணு வருஷம்தான் சார் என்று சொன்னோம், பத்தொன்பது ஆகிவிட்டது என்று உண்மையைக் கக்கிவைக்கப் போகிறார். என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன். கீழ்வீட்டுக்காரன் என் பார்க்கிங் இடத்தில் ஒன்பது வருஷமாக அரை டயரை வைக்கிறான், அந்தச் சண்டை தீராமல் நான் மிஸ்ஸிசாகாவை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். இதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும் உங்களுக்கு? இவர் திங்கள் போவார், வெள்ளி வருவார், சனிக்கிழமை டப்பாவுக்கு லேபிள் ஒட்டுவார். அருள் நிறைந்த மரியே வாழ்க, பிள்ளையாரப்பா காப்பாத்து, ரெண்டு பேரும் எனக்குப் பழக்கம்தான், பரீட்சை ஹாலிலிருந்தே பழக்கம். பாஸ்போர்ட் கொடுத்தாயிற்று. டிகிரி கொடுத்தாயிற்று. ரெண்டாம் உறை, மூன்றாம் உறை. நாலு. ஐந்து. காகிதம் வெளியே வருகிறது. ஆபீஸர் பார்க்கிறார். காகிதத்தைத் திருப்பிப் பார்க்கிறார். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார். இங்கேயிருந்தே தெரிகிறது, மூன்று மஞ்சள் பொட்டும் ஒரு சிவப்பும். இவர் தோள் இன்னும் ஏறுகிறது. போயிற்று. அவ்வளவுதான். சாம்பல் கோட்டுக்காரியின் பின்னாலேயே நாங்களும் பாலம் ஏற வேண்டியதுதான், அவளுக்காவது கையெழுத்து மறந்துபோனவன் எவனோ ஒருத்தன், திட்டித் தீர்த்துக்கொள்ளலாம், நான் யாரைத் திட்டுவேன்? பதினொரு மாதம் மேஜையில் உட்கார்ந்த மனிதரைத் திரும்பவும் அதே மேஜையில் கொண்டுபோய் உட்காரவைத்தவள் நான். ஒரு சிட்டிகை மஞ்சளால்.

இரு. என்ன அது? ஆபீஸர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்கிறார். இவர் ஃபைலைக் கீழே வைக்கிறார். வைத்துவிட்டு, ரெண்டு உள்ளங்கையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிமிர்த்திப் பிடிக்கிறார். நடுவில் ஒரு விரல் இடைவெளி. கைகள் நெருங்குகின்றன, விலகுகின்றன, நெருங்குகின்றன. எனக்குத் தெரியும் அது. வெயிலில் இரும்பு நீளும் சார், குளிரில் சுருங்கும், அதற்கு நடுவில் இடம் விடவேண்டும், அந்த இடத்தில் மண் அடைத்தால் பாலம் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். பெண் பார்க்க வந்தபோது இதே கையைக் காட்டினார். நான் காப்பித் தட்டோடு வருகிறேன், மாப்பிள்ளை அண்ணாந்து எங்கள் ஹாலின் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "சார், இதுல ஒரு விரிசல் இருக்கு. மூச்சு விட இடம் விடாம கட்டிட்டாங்க" என்று என் அப்பாவிடம் இப்படியே ரெண்டு கையை வைத்துக் காட்டினார். அப்பாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று, பொண்ணைப் பாக்க வந்தானா, வீட்டை இடிக்க வந்தானா என்றார் பிறகு. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன், சரி என்றேன். இதோ அந்தக் கை. கட்டைவிரலால் திசை காட்டுகிறார், பாலம் இருக்கிற திசை, அடப் பாவி மனுஷா, அந்த மூன்றாவது ஜாயின்டைச் சொல்கிறார், அவர்கள் பாலத்தையே அவர்களிடம் குறை சொல்கிறார்! நிறுத்துங்க. நிறுத்தாதீங்க. ஆபீஸர் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தோள் இறங்கிவிட்டது. எப்போது இறங்கியது என்று நான் பார்க்கவில்லை.

"மேடம்." என்னைத்தான். எழுந்தேன். நிமிர்ந்து நில், சத்தமாகப் பேசு, ஆரம்பித்த வாக்கியத்தை முடி, சிஸ்டர் பெர்னதெத். ஒரே வரி அம்மா, நிரஞ்சனா. பத்தடியில் ரெண்டு பேரும் என் கூடவே நடந்தார்கள். ஆபீஸர் கடிதத்தை என் பக்கம் திருப்பினார். "இது என்ன?" மஞ்சள், சமையலுக்குப் போடுகிற மஞ்சள் என்றேன். "யார் வைத்தது?" நான். "எதற்கு?" எதற்கு என்பதை ஒரு வரியில் எப்படிச் சொல்ல? "எங்கள் வீட்டில் நல்ல காகிதம் வந்தால் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்போம். பதினொரு மாதத்தில் வந்த ஒரே நல்ல காகிதம் இதுதான்." ரெண்டு வரி ஆகிவிட்டது. "இந்தச் சிவப்பு?" "சோப்பு. துடைக்கப் போனேன், அது என் முட்டாள்தனம், இவருக்கு இதில் சம்பந்தமே கிடையாது. மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும், உங்கள் சட்டைக் காலரில் பட்டாலும்..." வாயை மூடிக்கொண்டேன். ஆபீஸர் இவரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா இது?" எஸ் சர் என்றார் இவர். தெரியுமாம். ஆபீஸர் அந்தக் காயத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துப் பார்த்தார், பக்கத்துப் பொட்டையும் தேய்த்தார், சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. போனை எடுத்தார். கடிதத்தின் தலைப்பைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்தினார். மணி அடிக்கிறது போலிருக்கிறது. எடு, டெனிஸ். காப்பி குடிக்கப் போயிருக்காதே, பாத்ரூம் போயிருக்காதே, எடுடி என் தங்கமே. பேசினார். முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினார், கையெழுத்து என்கிற வார்த்தை மட்டும் கேட்டது, அப்புறம் தேதி. வைத்தார். "உட்காருங்கள்." உட்கார்ந்தோம். இவர் கை என் பக்கத்தில் இருந்தது, நாற்காலியின் கைப்பிடியில் விரல்கள் எதையோ தட்டிக்கொண்டிருந்தன, டடக் டடக் என்று. இருபத்திநாலு வருஷத்தில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது பிரசவத்துக்கு மயக்க மருந்து கொடுத்தபோதுதான். பிறகு ஒரு சத்தம், ஸ்டாம்ப் அடிக்கிற சத்தம். அது ஒரு ஸ்டேப்ளராகக்கூட இருக்கலாம் என்று நினைத்து நான் நம்பவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை கொஞ்சம் சிதம்பரநாதன் மாதிரி இருந்தது.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினோம். மூன்று வருஷம். முத்திரையில் தேதி, கையால் எழுதிய ரெண்டு எழுத்து, அதுதான் அனுமதியின் பெயராம். வெயில் வந்திருந்தது, கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. "எப்பத் தெரியும் உங்களுக்கு?" "காலையிலயே. உறை ஈரமா இருந்துச்சு." "அப்புறம் ஏன்யா வாயத் தொறக்கல? ஒன்றரை மணி நேரம் என்னை வறுத்தெடுத்துட்டீங்களே!" பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "தாங்கற நாலு பேரிங்ல மூணு நல்லா இருந்தா பாலம் நிக்கும் வசு. ஓட்டறவளைப் பயமுறுத்தக் கூடாது." கையை ஆட்டித்தான் சொன்னார், டாஷ்போர்டில் இடித்துக்கொண்டார். பிறகு பேச்சை நிறுத்தினார். "இதையும் நீதான் வச்சியா?" என்று பாஸ்போர்ட்டை நீட்டினார். முத்திரை அடித்த பக்கம். கீழ் மூலையில், பக்கத்தைத் திருப்ப விரல் வைக்கிற இடத்தில், மங்கலாக ஒரு மஞ்சள். கட்டைவிரல் ரேகை, பெரிய கட்டைவிரல், கோடு கோடாகத் தெரிந்தது. சானிடைசர் ஈரத்தோடு அந்த மனிதர் தேய்த்துப் பார்த்தாரே, அந்த விரல். நான் வைக்கவில்லை. சத்தியமாக நான் வைக்கவில்லை. இவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நாக்கில் தொட்டு, துடைக்கக் குனிந்தார். கையில் ஒன்று போட்டேன்.

"இருக்கட்டும் விடுங்க. வேலைக்குப் போற இடம் எந்தப் பக்கம், அதைச் சொல்லுங்க முதல்ல."